நூடில்ஸ் பைக்கற்றின் வரலாறும் அதில் விடுபட்டவர்களும்

உலகில் ஓராண்டில் உண்ணப்படும் உடனடி நூடில்ஸ் 12,000 கோடி பைக்கற்றுகளுக்கும் அதிகம். உலக உடனடி நூடில்ஸ் சங்கம் 2023ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட கணக்கு இது. அதில் மூன்றிலொரு பங்கைச் சீனாவும் ஹொங்கொங்கும் உண்கின்றன. இரண்டாம் இடத்தில் இந்தோனேஷியாவும் மூன்றாம் இடத்தில் இந்தியாவும் இருக்கின்றன. தலைக்கு இத்தனை என்று கணக்கிட்டால் வியட்நாம் முன்னிற்கிறது. அங்கு ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 80 பைக்கற்றுகள் அளவில் உண்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து டொரொன்டோ வரை பரந்து கிடக்கும் எம்மவர் வீடுகளிலும், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், அவசரத்துக்கென்று ஓரிரு பைக்கற்றுகள் எப்போதும் இருக்கவே செய்கின்றன.

இந்த உணவின் வரலாறு பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் இழந்த ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இரவுபகலாக முயன்று உலகின் பசியைத் தீர்க்கும் உணவைக் கண்டுபிடித்தார் என்பது அந்தக் கதை. அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், அழகாகச் சொல்லப்படும் எந்தக் கதையிலும் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நூடில்ஸின் கதையில் விடுபட்டவை சிறிய விடயங்கள் அல்ல. ஒரு போர், ஒரு வல்லரசின் கோதுமை, ஒரு குடியேற்றவாசியின் பிறந்த மண், அவருக்கு முன்னே இதே வழியில் நடந்தவர்கள் எல்லாமே அதில் மங்கிப் போயிருக்கின்றன.

தாய்வானில் பிறந்தவர்

உடனடி நூடில்ஸின் தந்தை என்று அழைக்கப்படும் மொமொஃபுக்கு அண்டோ 1910 மார்ச் 5ஆம் திகதி பிறந்தார். பிறந்த இடம் தாய்வான். அப்போது அது ஜப்பானின் குடியேற்ற நாடு. பெற்றோர் இட்ட பெயர் வூ பாய்-ஃபூ. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, துணி வணிகம் செய்த பாட்டனார் பாட்டியாரிடம் தைனான் நகரில் வளர்ந்தார். 22 வயதில் தைப்பேயில் சொந்தமாக ஒரு துணி வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் ஜப்பானின் ஒஸாக்கா நகருக்குச் சென்று வணிகத்தை விரிவாக்கினார்.

மொமொஃபுக்கு என்பது வேறொரு பெயரன்று. 'பாய்-ஃபூ' என்பதை எழுதப் பயன்படும் இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானிய முறையில் வாசித்தால் மொமொஃபுக்கு என்று வரும். நூறு நற்பேறுகள் என்பது அதன் பொருள். அண்டோ என்பது அவருடைய ஜப்பானிய மனைவி மசாகோவின் குடும்பப் பெயர். 1966இல் அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். ஆகவே, உடனடி நூடில்ஸ் சந்தைக்கு வந்த 1958இல் அதைச் செய்தவர் ஜப்பானியக் குடிமகனாக இருக்கவில்லை என்பது இங்கு கவனத்திற்குரியது.

வரிசையில் நின்ற நாடு

1945 ஓகஸ்டில் போர் முடிந்தபோது ஒஸாக்கா குண்டுவீச்சினால் எரிந்து கிடந்தது. அண்டோவின் தொழிலிடங்களும் அழிந்திருந்தன. அந்த ஆண்டின் நெல் விளைச்சல் மிக மோசமாக இருந்தது. கொரியாவிலிருந்தும் தாய்வானிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. போர்முனைகளிலிருந்தும் இழந்த குடியேற்றங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் திரும்பி வந்துகொண்டிருந்தனர். பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த உணவு போதாமையால் மக்கள் கறுப்புச் சந்தையை நம்பி வாழ்ந்தனர்.

ஒஸாக்காவின் உமேதா ரயில் நிலையத்துக்குப் பின்புறமிருந்த கறுப்புச் சந்தையில், குளிர்கால இரவொன்றில், ஆவி பறக்கும் ஒரு கிண்ணம் நூடில்ஸுக்காக மக்கள் நீண்ட வரிசையில் நடுங்கியபடி காத்து நின்றதைத் தாம் கண்டதாக அண்டோ தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தம் வாழ்வைத் திருப்பிய காட்சியாக அவர் அதையே குறிப்பிடுகிறார்.

அந்தக் கிண்ணத்துக்குள் இருந்த கோதுமை எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கா தன்னிடம் மிகுந்திருந்த கோதுமையை அங்கு கொண்டுவந்து இறக்கியது. அந்த மாவு பெரும்பாலும் பாணாக மக்களுக்கு வழங்கப்பட்டது. பாடசாலைகளில் மதிய உணவாகவும் பாணும் பால்மாவும் கொடுக்கப்பட்டன. 1954இல் அமெரிக்கா 'பொதுச் சட்டம் 480' என்ற உணவு உதவிச் சட்டத்தை இயற்றியது. பசித்தவர்களுக்கு உதவுதல், அமெரிக்க விவசாயிகளின் உபரித் தானியத்துக்குச் சந்தை தேடுதல், கம்யூனிசம் பரவாமல் தடுத்தல் ஆகிய மூன்று நோக்கங்களும் அதில் பின்னிக் கிடந்தன. 1956 முதல் ஜப்பானியக் கிராமங்களில் 'சமையலறை வண்டிகள்' ஓடத் தொடங்கின. கோதுமையில் எப்படிச் சமைப்பது என்று கிராமத்துப் பெண்களுக்குச் செய்து காட்டிய அந்த வண்டிகளுக்கு அமெரிக்கக் கோதுமை விவசாயிகளின் அமைப்பும் பணம் கொடுத்தது. ராமெனின் வரலாற்றை ஆராய்ந்து 2014இல் நூல் வெளியிட்ட ஜோர்ஜ் சோல்ட், இந்தக் கோதுமை அரசியல் இல்லாமல் ராமெனின் எழுச்சியை விளங்கிக்கொள்ள முடியாது என்று வாதிடுகிறார்.

அண்டோ சுகாதார அமைச்சின் அதிகாரி ஒருவரிடம், கோதுமையைப் பாணாக மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள், கிழக்கு நாட்டவர் காலங்காலமாக உண்டுவரும் நூடில்ஸாகக் கொடுக்கலாமே என்று கேட்டாராம். அதைப் பெருமளவில் செய்து வழங்கும் தொழில் எதுவும் இல்லை, வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள் என்ற பொருளில் பதில் வந்ததாக அவர் எழுதுகிறார். ஆக, உடனடி நூடில்ஸ் வானத்திலிருந்து குதித்த எண்ணமல்ல. அமெரிக்கக் கோதுமையை ஆசிய நாவுக்குப் பழக்கமான வடிவில் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு ஒருவர் கண்ட விடையே அது.

சிறையும் கொட்டிலும்

அதற்கு இடையில் அவருடைய வாழ்க்கை நேர்கோட்டில் செல்லவில்லை. போர்க்காலத்தில் இராணுவப் பொலிஸாரால் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். போருக்குப் பின்னர் உப்பு உற்பத்தி போன்ற தொழில்களில் ஈடுபட்டு, வேலையற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை வழங்கிவந்தார். அந்தத் தொகைக்கு வரி செலுத்தவில்லை என்ற குற்றச்சாட்டில் 1948இல் கைதாகி, டோக்கியோவின் சுகாமோ சிறையில் ஏறத்தாழ 2 ஆண்டுகள் இருந்தார். போர்க் குற்றவாளிகளை அடைத்து வைத்திருந்த சிறை அது. விடுதலையான பின்னர் கடன் சங்கமொன்றின் தலைவரானார். 1957இல் அந்தச் சங்கம் முறிந்தது. ஒஸாக்காவை அடுத்த இக்கேதா நகரில் இருந்த வீட்டைத் தவிர அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. அப்போது அவருக்கு வயது 47.

வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய கொட்டிலைக் கட்டினார். பழைய நூடில்ஸ் இயந்திரம் ஒன்று, பெரிய சட்டி, மா, எண்ணெய் இவைதாம் அவருடைய ஆய்வுக்கூடம். சுவையாக இருக்க வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும், எளிதில் சமைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்று தமக்குத் தாமே ஐந்து நிபந்தனைகளை விதித்துக்கொண்டார். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலமே உறங்கி ஓராண்டு உழைத்ததாகச் சொல்கிறார்.

மாவுடன் கோழிச் சாற்றைச் சேர்த்துப் பிசைந்தால் இழைகள் அறுந்தன. ஆகவே முதலில் நூடில்ஸை அவித்து, பூவாளியினால் அதன்மேல் சாற்றைத் தெளித்தார். கடினமான பகுதி உலர்த்துவதுதான். வெயிலில் காய்ந்த நூடில்ஸ் மறுபடி இளகுவதற்கு நெடுநேரம் கொதிக்க வேண்டும். ஒருநாள் மனைவி மசாகோ மாவில் தோய்த்த மரக்கறியைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டு 'தெம்புரா' பொரித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மாவிலிருந்த நீர் சடசடவெனக் குமிழியிட்டு வெளியேறியது. வடை சுடும் சட்டியருகே நின்ற எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சிதான் இது.

நூடில்ஸையும் அவ்வாறே எண்ணெயில் இட்டபோது அவர் தேடியது கிடைத்தது. சூடான எண்ணெயில் நூடில்ஸிலுள்ள நீர் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகி வெளியேறுகிறது. மிஞ்சும் ஈரம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருப்பதால் கிருமிகள் வளர முடியாது, மாதக்கணக்கில் கெடாது. நீர் வெளியேறிய இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சுகின்றன. கொதிநீர் ஊற்றியதும் அந்தத் துளைகள் வழியாகவே நீர் உள்ளே சென்று இழைகளை மறுபடி மென்மையாக்குகிறது. முதலில் அவிப்பதால் மா ஏற்கெனவே வெந்திருக்கிறது. ஆகவே உண்பவர் செய்ய வேண்டியது சமையலல்ல, நீரைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே.

1958 ஓகஸ்ட் 25ஆம் திகதி 'சிக்கின் ராமென்' விற்பனைக்கு வந்தது. விலை 35 யென். அன்று கடைகளில் புதிதாகச் செய்த ஊடொன் நூடில்ஸ் 6 யென்னுக்கு வாங்கலாம். ஏழைகளின் உணவு என்று இன்று நாம் எண்ணும் பண்டம், பிறந்தபோது சாதாரண நூடில்ஸைவிட ஐந்தாறு மடங்கு விலையில் இருந்தது. பெருமளவு உற்பத்திதான் பிற்காலத்தில் அதை மலிவாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய நிறுவனம் 'நிஸ்ஸின்' என்ற பெயரைப் பெற்றது.

கோழிச் சுவையை ஏன் தெரிந்தார் என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் சுவாரஸ்யமானது. மாட்டிறைச்சியை இந்துக்கள் உண்ணார். பன்றியிறைச்சியை முஸ்லிம்கள் உண்ணார். கோழியை விலக்கிய மதம் எதுவுமில்லை என்று அவர் சொன்னார். எங்கள் ஊர்ச் சைவச் சாப்பாட்டுக்காரரை அவர் சந்தித்திருக்கவில்லை போலும். மரக்கறிச் சுவை என்று தனியாக அச்சிட்ட பைக்கற்றுகளைப் பிற்காலத்தில் இந்தியச் சந்தை கேட்டு வாங்கிக்கொண்டது.

முன்னே நடந்தவர்கள்

இனி, கதையில் மங்கிப்போன மற்றொரு பகுதிக்கு வருவோம். நூடில்ஸை எண்ணெயில் பொரித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அண்டோவுக்கு முன்னரே இருந்தது. தென் சீனத்தின் 'யீ மீன்' நூடில்ஸ் அவ்வகையானது. தாய்வானிலும் பொரித்த நூடில்ஸை வெந்நீரில் இட்டு உண்ணும் வழக்கம் உண்டு. 1958இல் ஜப்பானில் அண்டோவைப் போலவே தாய்வானிலிருந்து வந்த வேறு சிலரும் இதே முயற்சியில் இருந்தனர். அவர்களுள் ஒருவரான சாங் குவோ-வென் அதே ஆண்டில் உடனடி நூடில்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அண்டோவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961இல் நிஸ்ஸின் நிறுவனம் 2 கோடியே 30 இலட்சம் யென் கொடுத்து அந்த உரிமையை வாங்கிக்கொண்டது.

இதனால் அண்டோவின் உழைப்பு பொய்யாகிவிடாது. கைத்தொழிலாக இருந்ததைத் தொழிற்சாலைப் பண்டமாக்கி, விளம்பரம் செய்து, நாடெங்கும் கொண்டு சேர்த்தவர் அவரே. 1950களின் இறுதியில் ஜப்பானில் தொலைக்காட்சியும் சுப்பர் மார்க்கெட்டுகளும் பரவத் தொடங்கியிருந்தன. இரண்டையும் அவர் நன்கு பயன்படுத்தினார். ஆனால், 'கண்டுபிடித்தவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத ஒரு வரலாறு இதில் இருக்கிறது. ராமென் என்பதே சீனக் குடியேற்றவாசிகள் ஜப்பானுக்குக் கொண்டுவந்த உணவு. 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் திறக்கப்பட்ட புகழ்பெற்ற 'ராய்ராய்கென்' கடையை நடத்தியவர் ஜப்பானியர். சமைத்தவர்கள் யொக்கோஹாமாவிலிருந்து வந்த சீனர்கள். 'சீன நூடில்ஸ்' என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்த உணவுக்கு ராமென் என்ற பெயர் நாடெங்கும் நிலைபெற, அண்டோவின் பைக்கற்றும் பெரிய காரணம்.

கோப்பைக்குள் வந்த நூடில்ஸ்

1966இல் அண்டோ அமெரிக்காவுக்குச் சென்றார். லொஸ் ஏஞ்சல்ஸில் சுப்பர் மார்க்கெட் அதிகாரிகளிடம் சிக்கின் ராமெனைக் காட்டியபோது அவர்களிடம் கிண்ணம் இருக்கவில்லை. நூடில்ஸை உடைத்துக் காகிதக் கோப்பைகளில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்ளுக்கரண்டியால் உண்டனர். பைக்கற், சமைக்கும் பாத்திரம், உண்ணும் கிண்ணம் மூன்றும் ஒன்றாக இருக்கலாமே என்ற எண்ணம் அங்கு பிறந்தது. 1971 செப்டெம்பர் 18ஆம் திகதி 'கப் நூடில்' வெளிவந்தது.

மேலே அகன்று கீழே ஒடுங்கிய கோப்பைக்குள் நூடில்ஸ் கட்டியை நடுவில் தொங்குவது போல் நிறுத்த வேண்டியிருந்தது. அடியில் வெந்நீர் தேங்கினால்தான் சீராக வேகும்; போக்குவரத்தில் உடையாமலும் இருக்கும். மேலிருந்து போட்டால் கட்டி சரிந்து விழுந்தது. கட்டியைக் கீழே வைத்து, கோப்பையை அதன்மேல் கவிழ்த்து மூடுவது என்று முறையைத் தலைகீழாக்கியபோது சிக்கல் தீர்ந்தது.

100 யென் விலையில் வந்த அந்தக் கோப்பையைக் கடைக்காரர்கள் முதலில் வரவேற்கவில்லை. அதை நாடறியச் செய்தது ஒரு செய்தி நிகழ்வு. 1972 பெப்ரவரியில் ஐக்கிய செம்படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஐவர், நகானோ மாகாணத்தில் மலையிலிருந்த ஒரு விடுதியில் பெண்ணொருவரைப் பணயமாக வைத்துக்கொண்டு 10 நாட்கள் பொலிஸாரை எதிர்த்து நின்றனர். ஆசாமா-சான்ஸோ சம்பவம் எனப்படும் அதைத் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் நேரடியாக ஒளிபரப்பின. கடுங்குளிரில் பொலிஸாரின் சோற்றுப் பொதிகள் உறைந்துபோயின. வெந்நீர் ஊற்றிய கோப்பைகளிலிருந்து ஆவி பறக்க அவர்கள் நூடில்ஸ் உண்டதை நாடு முழுவதும் பார்த்தது. அதன் பின்னர் விற்பனை எகிறியது. எந்த விளம்பர நிறுவனமும் திட்டமிட்டுச் செய்ய முடியாததை ஒரு செய்திக் கமெரா செய்துவிட்டது.

மா ஆலை இருந்த இடமெல்லாம்

உடனடி நூடில்ஸ் ஆசியாவில் பரவிய பாதையைப் பார்த்தால், முன்னே பசியும் பின்னே மா ஆலையும் செல்வது தெரியும்.

தென் கொரியாவில் போருக்குப் பின்னான வறுமையில், அமெரிக்க இராணுவ முகாம்களில் எஞ்சிய உணவைச் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியை மக்கள் சியோலின் நம்டெமுன் சந்தையில் வரிசையில் நின்று வாங்கினர். அந்த வரிசையைக் கண்ட ஜியோன் ஜுங்-யுன் என்பவர் ஜப்பானுக்குச் சென்று, மியோஜோ நிறுவனத்தின் தலைவர் ஒகுயி கியோசுமியிடம் தொழில்நுட்பம் கேட்டார். ஒகுயி கட்டணம் பெறாமலே கற்றுக்கொடுத்தார். இரு நாடுகளுக்குமிடையே அப்போது இராஜதந்திர உறவுகூட இல்லை. அது 1965இல்தான் ஏற்பட்டது. 1963 செப்டெம்பர் 15ஆம் திகதி 'சம்யாங் ராமியோன்' 10 வொன் விலையில் வெளிவந்தது. ஒஸாக்காவில் ஒரு வரிசை, சியோலில் இன்னொரு வரிசை.

இந்தோனேஷியாவில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் உலகில் அதிக நூடில்ஸ் உண்ணும் இரண்டாவது நாடு அது. 1971இல் ஜகார்த்தா துறைமுகத்தில் இயங்கத் தொடங்கிய 'பொகாசாரி' மா ஆலை, சுஹார்த்தோ ஆட்சியின் ஆதரவைப் பெற்ற லியெம் சியோ லியோங் என்ற சீனக் குடியேற்றவாசியினுடையது. அடுத்த ஆண்டில் 'இன்டோமி' சந்தைக்கு வந்தது. பின்னர் அதுவும் அவருடைய குழுமத்துக்குள் சென்றது. இன்று நைஜீரியா வரை அது வீட்டுப் பெயராகிவிட்டது.

இலங்கைக்கும் இதே பாதைதான். எமது நாட்டில் கோதுமை விளைவதில்லை. ஆனாலும் கோதுமை மா இல்லாத வீடும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர். வந்த இடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. எங்கள் தாய்மார் அந்த மாவை அவித்து, அரித்து, அதில் புட்டும் இடியப்பமும் செய்தார்கள். அமெரிக்கக் கோதுமையை ஆசிய நாவுக்குப் பழக்குவது எப்படி என்று அண்டோ கொட்டிலில் தேடிக்கொண்டிருந்த விடையை, எங்கள் அடுக்களைகளில் பெயரறியாப் பெண்கள் தங்கள் வழியில் கண்டிருந்தார்கள். அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை.

1970களின் முற்பகுதியில் பாணுக்காக விடியற்காலையிலேயே வரிசை நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அக்காலத்தில் மாவுக்கும் அரிசிக்கும் இருந்த தட்டுப்பாடு ஓர் அரசாங்கத்தையே தோற்கடித்தது. 1980இல் சிங்கப்பூரைச் சேர்ந்த பிரீமா குழுமத்தின் மா ஆலை திருகோணமலையின் சீனன்குடாவில் இயங்கத் தொடங்கியது. அதே பிரீமாவின் பெயரில் பின்னர் உடனடி நூடில்ஸும் வந்து, கொத்துரொட்டிச் சுவையைக்கூடப் பைக்கற்றுக்குள் அடைத்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நூடில்ஸ் என்றால் மகி என்றே பொருள்படும் அளவுக்கு வேரூன்றிய பெயர் வேறொரு கதையுடையது. சுவிட்ஸர்லாந்தின் ஜூலியஸ் மகி 1880களில், தொழிற்சாலையில் வேலை செய்து சமைக்க நேரமில்லாத பெண்களின் குடும்பங்களுக்கென, அவரை, பட்டாணி மாவிலிருந்து விரைவில் காய்ச்சக்கூடிய சூப்பை உருவாக்கினார். 1947இல் மகி நிறுவனம் நெஸ்லேயுடன் இணைந்தது. 1983இல் அந்தப் பெயரில் 'இரண்டு நிமிட' நூடில்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அங்கு அது பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்கான மாலைச் சிற்றுண்டியாக விற்கப்பட்டது. பசியின் இடத்தை நேரமின்மை பிடித்துக்கொண்டது.

உப்பும் அச்சமும்

இந்த உணவைப் பற்றிய அச்சங்களில் பொய்யும் உண்டு, மெய்யும் உண்டு. 2000களில் மின்னஞ்சல் வழியே சுற்றிய ஒரு கதை, நூடில்ஸில் மெழுகு பூசப்பட்டிருப்பதாகச் சொன்னது. அது கட்டுக்கதை, இழைகள் ஒட்டாமலிருப்பதற்கு அவை எண்ணெயில் பொரிக்கப்படுவதே போதும். 2015 ஜூன் 5ஆம் திகதி, ஈயம் அளவுக்கு மிஞ்சி இருப்பதாகக் கூறி இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை மகி நூடில்ஸை நிறுத்த உத்தரவிட்டது. ஓகஸ்ட் 13ஆம் திகதி பம்பாய் உயர் நீதிமன்றம், சோதனை நடந்த முறையையும் நிறுவனத்துக்கு உரிய வாய்ப்பு அளிக்கப்படாததையும் சுட்டிக்காட்டி அந்த உத்தரவை இரத்துச் செய்து, மறுபரிசோதனைக்குப் பணித்தது. நவம்பரில் அது மறுபடி கடைகளுக்கு வந்தது.

மெய்யான கவலை உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பைக்கற்றைச் சாற்றுடன் முழுமையாக உண்டால் அதில் பெரும்பகுதி, சில வகைகளில் முழுவதுமே, உடலுக்குள் சென்றுவிடும். எப்போதாவது உண்பவருக்கு இது பெரிதல்ல. மூன்று வேளையும் இதையே நம்பியிருப்பவருக்குப் பெரிது. அப்படி நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளும், தனியாக வாழும் தொழிலாளர்களும், மாணவர்களுமே. 2016இல் அமெரிக்கச் சிறையொன்றைப் பற்றி ஆய்வாளர் மைக்கேல் கிப்சன்-லைட் வெளியிட்ட ஆய்வு, சிறை உணவின் தரமும் அளவும் குறைந்தமையால் கைதிகளிடையே சிகரெட்டின் இடத்தில் ராமென் பைக்கற்றுகளே நாணயமாகப் புழங்குவதாகக் காட்டியது. சுகாமோ சிறையில் இருந்து வந்தவர் பரப்பிய உணவு, வேறொரு நாட்டுச் சிறையில் பணமாகிவிட்டது.

அண்டோ 2007 ஜனவரி 5ஆம் திகதி 96ஆவது வயதில் காலமானார். செய்தி முகவரகங்கள் அனுப்பிய குறிப்பு எங்கள் செய்தி மேசைக்கும் வந்தது. உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றித் தலையங்கம் எழுதின. எங்களுக்கு அது உள்பக்கத்தில் சிறு செய்தி. ஏனெனில் 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாவுக்கும் சீனிக்கும் மக்கள் சங்கக் கடைகளில் வரிசை நின்றுகொண்டிருந்தார்கள். கப்பல் வருமா என்பதே அன்றைய தலைப்புச் செய்தி. அவருடைய வாழ்க்கையைப் பின்னர் விரிவாகப் படித்தபோதுதான், உமேதாவின் வரிசையும் எங்கள் வரிசையும் ஒரே இனத்தவை என்று எனக்குப் பட்டது. வரிசை எங்கே உருவானாலும் அதற்கு முன்னே ஒரு போரோ, ஓர் ஆட்சியின் முடிவோ இருக்கும். 2022இலும் அதைக் கண்டோம். உக்ரைன் போரினால் உலகில் கோதுமை விலை ஏறியது. எமது நாட்டின் கஜானாவோ அதற்கு முன்பே காலியாகியிருந்தது. விரைவில் சமைக்கும் உணவு கையிலிருந்தும் வெந்நீர் வைக்க எரிவாயு கிடைக்காத நாட்கள் அவை.

திரையில் விடுபட்ட ஊர்

2018 ஒக்டோபர் முதல் 2019 மார்ச் வரை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 'மன்புக்கு' என்ற தொடர் நாடகத்தை ஒளிபரப்பியது. அண்டோவின் மனைவி மசாகோவை முன்மாதிரியாகக் கொண்ட கதை அது. இதுவரை சட்டியருகே மட்டும் நின்ற மசாகோ அதில் கதையின் நாயகியானார், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தத் தொடரில் கணவர் தாய்வானில் பிறந்தவர் என்பது சொல்லப்படவில்லை. உடனடி நூடில்ஸ் 20ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று 2000ஆம் ஆண்டில் நடந்த ஒரு கருத்துக் கணிப்பில் ஜப்பானியர்கள் தெரிவித்திருந்தனர். அந்தப் பெருமைக்குரியவரின் பிறந்த ஊர், மக்கள் காலைதோறும் பார்த்த நாடகத்தில் இடம்பெறாமல் போய்விட்டது.

உலகெங்கும் சிதறி வாழும் தமிழ் வாசகர்களுக்கு இதை நான் சொல்ல விரும்பியதன் காரணம் இதுவே. குடியேறியவன் தோற்றால் அவனுடைய ஊரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அவன் வென்றால் வெற்றியை ஏற்றுக்கொண்டு ஊரை மறந்துவிடுவார்கள். எம்மவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நாளை பலவற்றை ஆக்குவார்கள். அவர்கள் எந்த வரிசையிலிருந்து வந்தவர்களின் மக்கள் என்பதை வேறு யாரும் எழுதிவைக்கப் போவதில்லை. அந்த வரிசைகளில் நின்றவர்கள் இன்னமும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது எமது பொறுப்பு.